முழங்காலின் குளிர்

சென்ற மாதம் முதுகலைச் செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காக எங்கள் வார்டுக்கு வந்து, பணியில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வினாத்தாளைக் கொடுத்துச் சென்றார். சாவை நெருங்கிவிட்ட நோயாளியைப் பராமரிப்பது பற்றிச் செவிலியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளப்பதற்காக, கேதரின் ஃப்ரோமெல்ட் என்ற அமெரிக்கச் செவிலியர் உருவாக்கி, 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய அளவுகோல் அது. மொத்தம் 30 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பதுவரை ஐந்து கட்டங்கள். இறக்கும் நிலையில் உள்ளவருக்குப் பணிவிடை செய்வது பயனுள்ள அனுபவம் என்ற பொருளில் அமைந்த வாக்கியத்துக்குத் தயங்காமல் முதல் கட்டத்தில் குறியிட்டேன். அடுத்து, இறக்கப்போகிறவரிடம் அவருடைய மரணத்தைப் பற்றிப் பேச எனக்குச் சங்கடமாக இருக்கும் என்ற வாக்கியம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. சங்கடம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்பேன்; ஆனால் அதற்கு முன்னால், பேசுவதற்கு எனக்கு இடம் இருந்ததா என்று யாராவது கேட்க வேண்டும். அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. வினாத்தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் 1998-இல் தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பணியில் சேர்ந்தபோது எனக்கு 22 வயது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் ஊசி போடவும், கட்டுக் கட்டவும், மூக்குவழிக் குழாய் இறக்கவும், படுக்கை விரிப்பின் மூலையைச் சுருக்கம் இல்லாமல் மடிக்கவும் கற்றிருந்தேன். ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார் என்பதை எப்படி அறிவது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதைக் கற்றுத் தந்தவர் ஆண்கள் மருத்துவ வார்டில் என்னோடு இரவுப் பணி பார்த்த மூத்த செவிலியர். அவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக் கிடந்த ஒரு பெரியவருக்கு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, மூன்றாவது முறையாக ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்து கருவியை வாங்கி ஓரமாக வைத்தார். “மெஷினை விடு. முட்டியைத் தொட்டுப் பாரு” என்றார்.

தொட்டேன். மார்கழி மாதத்துத் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. குளிர் விரல்நுனியில் தொடங்கிப் பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஏறும் என்பதையும், ரத்த ஓட்டம் உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உள்ளே ஒடுங்குவதால் இது நடக்கிறது என்பதையும், முழங்காலில் வலைபோல் திட்டுகள் விழும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். புத்தகப் படங்களில் அந்தத் திட்டுகள் ஊதா நிறத்தில் தெளிவாகத் தெரியும். நம் கறுத்த தோலில் அவை அப்படித் தெரிவதில்லை. நம் ஊரில் கண்ணைவிடக் கையைத்தான் நம்ப வேண்டும். சிறுநீர்ப் பையில் மாலையிலிருந்து ஒரு சொட்டும் ஏறாதிருப்பது, மூச்சு மெல்ல மெல்ல ஆழமாகிப் பிறகு குறைந்து முற்றிலும் நின்று, முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் மறுபடி தொடங்குவது, தொண்டையில் சளி உருளும் ஓசை என்று ஒவ்வொன்றாக அக்கா காட்டினார். “விடியறதுக்குள்ள போயிடுவாரு. அவர் சம்சாரத்தை எழுப்பிப் பக்கத்துல உட்கார வை” என்றார். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்த அந்த அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் பெரியவரின் மூச்சு நின்றபோது அவருடைய கை அந்த அம்மாவின் இரு கைகளுக்குள் இருந்தது.

அன்று நான் கண்ட இன்னொன்றும் உண்டு. காலையில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், அந்த இரவு நடந்த எதுவும் அதில் இல்லை. நாடித் துடிப்புக்கும், வெப்பநிலைக்கும், ரத்த அழுத்தத்துக்கும், உள்ளே சென்ற நீருக்கும், வெளியே வந்த நீருக்கும் பத்திகள் உண்டு. முழங்காலின் குளிருக்குப் பத்தி கிடையாது. நோயாளியின் பக்கத்தில் 12 மணி நேரம் நிற்பவளுக்குத் தெரியும் செய்தி, காலைச் சுற்றில் நான்கு நிமிடம் நிற்பவர் கேட்டால்தான் செய்தியாகும். அவர் கேட்காவிட்டால் அது வெறும் உணர்வு. மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நான் வேலை பார்த்த மருத்துவர்களில் பலர் என்னைவிட அதிகம் களைத்திருந்தார்கள். ஆயினும், முதலில் அறிபவரை இறுதியாகக் கேட்பது அல்லது கேட்காமலே விடுவது என்ற ஏற்பாடு, சாகிறவருக்கு எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உறவினர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை எங்களிடம் கேட்பார்கள். அதுவும் பகலில் கேட்க மாட்டார்கள். இரவு 11 மணிக்கு மேல், விளக்குகள் பாதி அணைந்த பிறகு, மருந்து வண்டிக்குப் பின்னால் வந்து நின்று, “சிஸ்டர், எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க” என்பார்கள். “டாக்டர் வந்து சொல்வார்” என்பதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பதில். என் பணிக்காலத்தின் முதல் பத்தாண்டுகளில் அந்தப் பதிலை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

நோயாளியே கேட்கும்போது நிலைமை இன்னும் கடினம். நுரையீரல் புற்றுநோயோடு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைச் சேர்க்கும்போதே, அவர் மகன் எங்கள் மேசைக்கு வந்து, “அப்பாகிட்ட சளி கட்டியிருக்குன்னு சொல்லியிருக்கோம். யாரும் வேற வார்த்தை சொல்லிடாதீங்க” என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அன்பினால்தான் கேட்டார். நாங்களும் அன்பினால்தான் உடன்பட்டோம். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, நான் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணைத் திறக்காமலே, “ஏம்மா, வர்ற பொங்கலுக்கு நான் இருப்பேனா?” என்று கேட்டார். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் சொட்டு வேகத்தைச் சரிசெய்வதுபோல் குழாயைத் திருகிக்கொண்டே, “எல்லாம் நல்லாயிடும் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குச் சென்றுவிட்டேன். அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் கேட்கவில்லை.

அவர் இறந்து சில வாரங்களுக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழுக்காக வந்த அவருடைய மனைவி என்னைத் தேடி வார்டுக்கு வந்தார். “அவருக்கு எல்லாம் தெரியும்மா. எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா அவர் உடைஞ்சிடுவாருன்னு நான் சொல்லல; நான் உடைஞ்சிடுவேன்னு அவர் சொல்லல. நாப்பத்தொரு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, கடைசி மூணு வாரம் தனித்தனியா இருந்துட்டோம்” என்றார். அதன் பிறகு நான் பெற்ற எந்தப் பயிற்சியும் அந்த ஒரு வாக்கியத்தைவிட அதிகமாக என்னை மாற்றவில்லை.

1965-ஆம் ஆண்டிலேயே, பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவமனைகளில் இருந்து பார்த்து இதை வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். தான் சாகப்போவதை நோயாளி அறியாமல் மற்றவர் எல்லாரும் அறிந்திருக்கும் நிலை. நோயாளி சந்தேகப்படும் நிலை. இருதரப்பும் அறிந்திருந்தும் அறியாததுபோல் நடந்துகொள்ளும் நிலை. இருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் நிலை என்று நான்கு. நம் வீடுகளில் மூன்றாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். அந்த நாடகத்தில் செவிலியருக்கும் ஒரு வேடம் கட்டாயமாக உண்டு. ஏனென்றால் ஒரு நாளில் நோயாளியின் உடலைப் பலமுறை தொட்டுப் பேசுகிறவள் அவள்தான், அவளுடைய முகம் மாறினால் எல்லாம் தெரிந்துவிடும்.

வெளியே இருப்பவர்கள் எங்களைப் பற்றிச் சொல்லும் ஒரு குறையை இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். தினமும் சாவைப் பார்த்துப் பார்த்து எங்கள் மனம் மரத்துவிடுகிறது என்கிறார்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு செய்து 1960-இல் கட்டுரை வெளியிட்ட இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், அங்கே செவிலியர்கள் நோயாளியைப் பெயரால் அழைக்காமல் “பத்தாம் படுக்கைக் கல்லீரல்” என்று குறிப்பிடுவதைப் பதிவுசெய்திருக்கிறார். எங்கள் வார்டிலும் அப்படித்தான் பேசினோம்: “பதினேழாம் பெட் சிறுநீரகம்”, “ஜன்னலோரக் கேன்சர்”. மென்சீஸ் இதை இதயமின்மை என்று எழுதவில்லை. ஒரு செவிலியர் ஒரு நோயாளியோடு முழுமையாக இருந்துவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருவர் எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பது, இன்னொருவர் எல்லாருக்கும் ஊசி போடுவது என்று வைத்திருப்பதே, அந்த வேலை எழுப்பும் பதற்றத்திலிருந்து தற்காத்துக்கொள்ள அந்த நிறுவனம் கட்டிக்கொண்ட அரண் என்றும், அந்த அரண் செவிலியர்களின் பதற்றத்தைத் தணிக்கவில்லை என்றும் அவர் எழுதினார். இரவில் 52 நோயாளிகளுக்கு இரண்டு பேர் என்று நின்ற எங்களுக்கு, அவர் எழுதியதில் ஒவ்வொரு வரியும் புரியும். படுக்கை எண்ணைச் சொன்னால் அடுத்த படுக்கைக்குப் போக முடியும். பெயரைச் சொன்னால் போக முடியாது.

ஆனால் அதே அக்கா, இறந்தவரின் உடலைத் தயார்செய்யும்போது பெயரும் உறவும் சொல்லித்தான் செய்வார். குழாய்களை எடுத்து, இமைகளை மூடி, தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்களை இணைத்துக் கட்டி, ஈரத்துணியால் முகத்தையும் கைகளையும் துடைப்பது வரை ஒவ்வொரு செயலுக்கும் முன்னால், “தாத்தா, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கங்க”, “முடிஞ்சிருச்சு தாத்தா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உயிரோடு இருந்தவரை எண்ணாக இருந்தவர், இறந்த பிறகு தாத்தாவானார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தக் கட்டிலில் புதிய விரிப்பும் புதிய நோயாளியும் வந்துவிடுவார்கள். அழுவதற்கு இடம் கிடையாது. மருந்து அறையின் கதவுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறோம்.

வலியைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. 2003-இல், மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவிய ஒரு பெண், வயது 36 இருக்கும், எங்கள் வார்டில் 19 நாள் இருந்தார். அன்று எங்களிடம் கடும் வலியைத் தணிக்கும் வாய்வழி மார்ஃபின் கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பென்டாசோசின் என்ற வலிநீக்கி ஊசி எழுதியிருப்பார்கள், அது மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. மீதி ஐந்து மணி நேரமும் அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். இறுதி நாளன்று மருத்துவர் மார்ஃபின் ஊசி எழுதினார். அந்தப் பெண்ணின் மூச்சு அப்போது மிக மெதுவாக இருந்தது. நான் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, இதைப் போட்டபின் மூச்சு நின்றுவிட்டால் கொன்றவள் நான் ஆகிவிடுவேன் என்ற பயத்தில் 40 நிமிடம் கடத்தினேன். உலகெங்கும் செவிலியர்களிடம் இருக்கும் பயம் இது; இறுதி ஊசி போட்ட கை எது என்பதை அந்தக் கை மறப்பதில்லை. நோயே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதையும், வலிக்கு ஏற்ற அளவில் கவனமாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் சாவை இழுத்துவருவதில்லை என்பதையும் எனக்கு அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த 40 நிமிடத்தை அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

போதைப்பொருள் தடுப்புக்காக 1985-இல் வந்த சட்டத்தின் கெடுபிடிகளால், மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. உரிமம் ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும் நிலை. சட்டப்படி அபினி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டில், அதிலிருந்து எடுக்கப்படும் மருந்து சொந்த நோயாளிக்குக் கிடைக்கவில்லை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத போதை மருந்துகள் என்று ஒரு தனிப்பிரிவு உருவாக்கப்பட்ட பிறகுதான் வழி சற்றுத் திறந்தது. அந்தத் திருத்தத்துக்காகப் பல்லாண்டு போராடியவர்களில் முன்னணியில் நின்றவர் கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் மருத்துவர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தின் பணி வளர்ந்த இடத்துக்குத்தான், 2009-இல் ஈட்டிய விடுப்பு எடுத்துக்கொண்டு, குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவு மருத்துவத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கே கற்றவை சிறிய விஷயங்கள். மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருமுன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடு இரவில் எழுப்பாமல் இருப்பதற்காகப் படுக்கும்போது இரட்டை அளவு. கூடவே மலமிளக்கி கட்டாயம். அழுகி நாற்றமெடுக்கும் புற்றுப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாள்களில் நாற்றம் அடங்கும். மிக மலிவான மாத்திரை அது. நாற்றம் அடங்கிய மறுநாள், அதுவரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போன மருமகள் கட்டிலில் வந்து உட்கார்ந்ததையும், பேரக்குழந்தையைப் பாட்டியின் மடியருகே விட்டதையும் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் கோழிக்கோட்டில் என்னை உலுக்கியது மருந்தோ மாத்திரையோ இல்லை. வீட்டுப் பராமரிப்புக்காக ஜீப்பில் போய் இறங்கிய ஒரு நாள், நோயாளியைப் பார்த்து முடித்த மருத்துவர், அறையில் இருந்த செவிலியரைத் திரும்பிப் பார்த்து, “சிஸ்டருக்கு என்ன தோணுது?” என்று மலையாளத்தில் கேட்டார். அந்தச் செவிலியர் சாதாரணமாக, இன்னும் மூன்று நான்கு நாள்தான் என்று தமக்குத் தோன்றுவதாகவும், மகளுக்குத் தெரிவிக்கலாம் என்றும், மாத்திரை விழுங்க முடியாததால் மருந்து கொடுக்கும் வழியை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். 11 ஆண்டு பணியில் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இந்தத் துறைக்கே வேர் ஒரு செவிலியரிடம் இருக்கிறது என்பதையும் அங்கேதான் படித்தேன். சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் முதலில் செவிலியராகத் தேர்ந்தார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். சாகிறவர்களோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. சாகிறவர்களைக் கைவிடுகிறவர்கள் மருத்துவர்கள்தான், ஆகவே நீங்கள் மருத்துவம் படியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவரோடு பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவர் அறிவுரை சொல்ல, 30 வயதைக் கடந்த பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் அவர் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்துதான் இன்றைய ஆதரவு மருத்துவம் கிளைவிட்டது. வலி என்பது உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்திலும், பணக்கவலையிலும், கடவுளோடு உள்ள வழக்கிலும் சேர்ந்தே இருக்கிறது என்ற அவருடைய கருத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒருவருக்குத்தான் தோன்றியிருக்க முடியும். அதே கருத்தைச் செவிலியராகவே இருந்து சொல்லியிருந்தால் உலகம் கேட்டிருக்குமா என்ற கேள்வி எனக்கு இன்றும் ஆறவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் ஒன்றரை ஆண்டுதான் இருந்தேன். அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 84 வயது அம்மா ஒருவர், சிறுநீரகமும் இதயமும் நின்றுகொண்டிருந்த நிலையில், மகன் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்பதற்காக மூன்று முறை நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப்பட்டார். இரண்டாவது முறை என் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிந்தது எனக்குத் தெரிந்தது. எது சரி என்று தெரிந்திருந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போவதால் வரும் வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் செவிலியர்களை முன்வைத்தே விவரித்தார். அறத்துன்பம் என்று நான் அதைத் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அந்த அம்மா இயற்கையாக இறந்திருந்தால் நான் வருந்தியிருப்பேன். அவர் இறந்த விதத்தில் என் கைகளுக்குப் பங்கு இருந்ததால் வேலையையே விட்டுவிட நினைத்தேன்.

நம் மக்கள் சாவைத் தாங்களே அறிந்து கையாண்ட வழிகள் வார்டுக்குள்ளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உயிர் இழுத்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஆசை தடுக்கிறது என்று சொல்லி, சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். காசைக் கழுவிய நீர், பொன்னை உரைத்த நீர், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பால். இஸ்லாமியர் வீடென்றால் ஜம்ஜம் நீர் கொண்டுவருவார்கள், யாசீன் ஓதுவார்கள், காதருகே மெல்லக் கலிமா சொல்வார்கள். கத்தோலிக்கர் பங்குத்தந்தையை அழைத்து எண்ணெய் பூசி மன்றாடுவார்கள். பணியில் சேர்ந்த புதிதில் நான் பாலைக் கண்டால் பதறித் தடுப்பேன். விழுங்கும் திறன் போனவர் வாயில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத் திணறும் என்பது உண்மைதான். ஒரு முறை நான் தடுத்துவிட, பால் தம்ளரோடு திரும்பிப் போன ஒரு மூத்த மகனின் முகத்தைப் பார்த்த பிறகு, தடுப்பதை நிறுத்திவிட்டு வழி கண்டேன். பஞ்சைப் பாலில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உதட்டிலும் ஈறிலும் மெல்லத் தடவச் சொல்வேன். தலையணையைச் சற்று உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுப்பேன். உலர்ந்து வெடித்த வாய்க்கு அது இதம். மகனுக்கும் தன் கடன் முடிந்த நிறைவு. மண் கரைத்த நீரை நெற்றியிலும் உள்ளங்கையிலும் தடவச் சொன்னபோது இதுவரை ஒரு குடும்பமும் மறுக்கவில்லை. வாய் ஈரமாக இருக்க வேண்டும் என்று எங்கள் பாடம் சொல்வதும், நா வறண்டு சாகவிடக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஒன்றே என்று எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

செவிலியரின் பார்வைக்குச் சட்டம் செவிசாய்த்த ஒரு வழக்கு நம் நாட்டில் உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணியாள் ஒருவனால் தாக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் செல்லாமல் நினைவிழந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரை அந்த மருத்துவமனைச் செவிலியர்கள், தலைமுறை மாறித் தலைமுறையாக, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துக் காத்தார்கள். அத்தனை ஆண்டு படுக்கையில் கிடந்தவருக்குப் படுக்கைப் புண் இல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது என்ன உழைப்பு என்பதை, ஒரு நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியவர்கள் அறிவார்கள். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அருணாவின் சார்பில் பேசும் உரிமை இத்தனை ஆண்டு அவரைப் பேணிய மருத்துவமனைப் பணியாளர்களுக்கே உண்டு என்றது, அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள், மனு தள்ளுபடியானது. அதே தீர்ப்புதான், கடும் கட்டுப்பாடுகளோடு, உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள நாட்டில் முதன்முதலில் வழிவகுத்தது.

அந்தச் செவிலியர்களின் முடிவு சரியா என்று என்னைக் கேட்டால், என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. எனக்கு அப்படி ஒரு வாழ்வு வேண்டாம் என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிங்கி விரானியும் அருணாவின் மீது கொண்ட அக்கறையால்தான் வழக்குத் தொடுத்தார். ஆனால் கையால் தொட்டுப் பேணியவர்களின் அறிவையும் ஒரு சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டதே, அது பெரிது. அதன் பிறகு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்து, மீள முடியாத நிலை வந்தால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்க இடம் தந்தது. 2023-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் சான்று பெற்றால் போதும் என்றானது. சிகிச்சையை விலக்குவது பற்றி முடிவெடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் உண்டு. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் துறை வல்லுநர்களும் அவற்றில் இருப்பார்கள். செவிலியருக்கு அவற்றில் இருக்கை இல்லை. வாக்குரிமை கேட்கவில்லை, இந்த வாரம் இவரைப் புரட்டும்போது இவர் எப்படி முனகினார் என்று சொல்ல ஒரு நாற்காலி இருக்கலாம் என்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று அளிக்கும் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அப்படி வீடுகளுக்குப் போகும் செவிலியர்கள் எங்கள் வார்டுக்கு வந்து பயிற்சி எடுப்பார்கள். நானும் சில நாள் அவர்களோடு போவேன். வீட்டில் செவிலியரின் நிலை வேறு. அங்கே காலைச் சுற்று இல்லை. மருத்துவர் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவரின் சொல்லை நம்பித்தான் அவர் மருந்து சொல்ல முடியும். உறவினர்கள் கேட்கும்போது, “டாக்டர் வந்து சொல்வார்” என்று நழுவவும் அங்கே வழி கிடையாது. கோழிக்கோட்டிலிருந்து நான் கொண்டுவந்த வழக்கப்படி, முதலில் நோயாளியிடமே, “உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பத்தில் எட்டுப் பேர் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பிறகு நான் சொல்வதற்கு அதிகம் இருக்காது. குடும்பத்தை உள்ளே அழைத்து உட்கார வைப்பதுதான் என் வேலை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு வீட்டில், உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு படுத்திருந்த ஒரு நெசவாளியை ஆறு வாரம் பார்த்தோம். அவரைக் கவனித்துக்கொண்ட மகளுக்கு 24 வயது. வாய் துடைக்கவும், படுக்கையில் புரட்டவும், மாத்திரை நேரத்தை நோட்டில் குறிக்கவும் கற்றுக்கொண்ட அந்தப் பெண், ஒரு நாள் வாசல்வரை வந்து, “நேரம் வந்தா எனக்கு எப்படித் தெரியும் அக்கா?” என்று கேட்டாள். உள்ளே கூட்டிப்போய், அவருடைய அனுமதியோடு, அவர் பாதத்தையும் முழங்காலையும் அவள் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இப்போது சூடாக இருக்கிறது, இதை நினைவில் வைத்துக்கொள் என்றேன். பக்கத்திலிருந்த அவர், “நல்லாப் பார்த்து வச்சுக்க” என்று மகளிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் கைபேசி அடித்தது. “அக்கா, முட்டி ஜில்லுன்னு ஆயிருச்சு. மூச்சும் நீங்க சொன்ன மாதிரி நின்னு நின்னு வருது. அண்ணனுக்குச் சொல்லிரட்டுமா?” என்று கேட்டாள். சொல்லிவிடு என்றேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். அப்பாவுக்கு மூச்சு இருந்தது.